வெள்ளைத் துணியில் ஒரு காலடி

எனக்கு வாய் நீளம். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடமாக என்னோடு குடித்தனம் நடத்தும் தேவநேசன் சொல்கிறார். கம்பெனியில் என் மேற்பார்வையில் இருக்கும் பதினான்கு பெண்களும் என் முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். அந்த வாயால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வயதுப் பிள்ளையை வேலைக்குக் கூப்பிட்டேன். மறுநாள், வாயைத் திறந்தே ஆகவேண்டிய இடத்தில், அது பூட்டிக்கொண்டது.

எங்கள் கம்பெனி ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணிதான் எங்கள் சரக்கு. தறியிலிருந்து பழுப்பாக வரும் துணியை வேகவைத்து, வெளுத்து, களத்தில் கொடி கட்டிக் காயப்போட்டு, மடித்து அனுப்புவோம். நான் பதினேழு வயதில் மடிக்கிற மேஜைக்கு வந்தவள். இருபத்தாறு வருடம் நின்றுகொண்டே மடித்தேன். நான்கு வருடத்துக்கு முன்னால்தான் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். ஒரு நாற்காலியும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு விசிலும் கிடைத்தன. கால் வலிக்கும்போது உட்காரலாம் என்பது எவ்வளவு பெரிய பதவி என்று நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மினதியும் அவள் புருஷன் தாசரதியும் ஒடிசாவில் பாலேசுவர் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவன் துணி வேகவைக்கிற பகுதியில், அவள் என்னிடம் மடிப்பில். ஊருக்குள் எல்லாருக்கும் அவர்கள் இந்திக்காரர்கள். "எங்களுக்கு இந்தி சரியா வராது அக்கா, நாங்க ஒடியா" என்று ஆரம்பத்தில் மினதி ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தாள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டாள். ராஜபாளையத்தில் வாடகைக்கு வீடு கேட்டு ஆறு வாசல் ஏறி இறங்கினார்கள். ஒரு வீட்டில் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, புருஷன் பேசியதைக் கேட்டதும் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். கடைசியில் கம்பெனி வளாகத்திலேயே, களத்தை ஒட்டி ஒரு அறை கொடுத்தோம். வேலை இருந்தால் அறை, வேலை போனால் அறையும் போயிற்று.

அவர்கள் மகள் லிப்சா. இங்கே வரும்போது அவளுக்கு எட்டு வயது. அதற்குள் திருப்பூரில் ஒரு பள்ளிக்கூடம், சிவகாசியில் ஒரு பள்ளிக்கூடம், நடுவில் ஒரு வருடம் பள்ளிக்கூடமே இல்லை. இங்கே இரண்டு பள்ளிகளில் "பழைய பள்ளிக்கூடத்து டி.சி. எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா வேலை மாறும் அவசரத்தில் யார் அதையெல்லாம் வாங்கினார்கள்? நான்தான் அம்மாவையும் மகளையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஸாவித்ரி டீச்சர் தலைமையாசிரியையாக இருக்கும் ஆரம்பப் பள்ளியில் நிறுத்தினேன். டீச்சர் கண்ணாடியை மூக்கில் இறக்கி லிப்சாவைப் பார்த்தார். "பிள்ளை இருக்கே, அது போதும். பேப்பர் பின்னாடி வரட்டும்" என்றார்.

முதல் பருவம் முழுக்க லிப்சா வாயைத் திறக்கவில்லை. கூடப் படித்த பிள்ளைகள் அவளை ஊமை என்றே நினைத்தார்கள். அவளைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்து டீச்சர் எழுத்து சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு வரிசையில் எவனோ இடித்துவிட்டுப் போக, "ஏலே, கண்ணு தெரியலையா?" என்று கத்தினாளாம். மொத்த வரிசையும் கைதட்டியதாம். அதற்குப் பிறகு அவள் பேச்சை நிறுத்த முடியவில்லை. அடுத்த ஜூனில் நாலாம் வகுப்புக்கு வந்தாள். கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் அம்மாவுக்காக அவள்தான் பேசுவாள். என்னைப் பெரியம்மா என்பாள்.

அந்த வருடம் ரஜ பண்டிகைக்கு மினதி லீவு கேட்டதும் லிப்சா எழுதிய கடிதத்தில்தான். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த விடுப்பு விண்ணப்பம் அப்படியே இருந்தது. "அம்மா, பூமாதேவிக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால் என் தாயாருக்கு மூன்று நாட்கள் விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." மடிப்பு மேஜையில் நான் சத்தமாக வாசிக்க, மாடத்தியும் விஜியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னட்டி இது, பூமாதேவிக்கு என்ன, காய்ச்சலா?" என்றேன்.

மினதியும் சிரித்தாள். ஆனால் விடவில்லை. "பூமி மூணு நாள் தூரம் அக்கா, நம்மள மாதிரி. மழைக்கு முன்னாடி வரும். எங்க ஊர்ல அப்போ கலப்பை போட மாட்டாங்க. பொம்பளைங்க ஒரு வேலையும் தொடக் கூடாது. புதுத் துணி, காலுக்கு அல்தா, ஊஞ்சல். ஆம்பளைங்கதான் சமைக்கணும்."

"எங்க பூமிக்கு அதெல்லாம் கெடையாதுட்டி. எங்களுக்கே கெடையாது" என்றேன். திங்கட்கிழமை கொச்சியிலிருந்து சரக்கு எடுக்கும் கம்பெனி ஆள் பார்வையிட வருவதாக இருந்தது. ஞாயிறும் வேலை உண்டு. ஆனாலும் வருடம் முழுக்க ஒரு நாள் லீவு கேட்காதவள். போய்த் தொலை என்று கையெழுத்துப் போட்டேன். உள்ளுக்குள் பொறாமையாகக்கூட இருந்தது. மூன்று நாள் ஒரு துரும்பையும் எடுத்துப் போடாமல் உட்கார எங்களுக்கெல்லாம் எந்தச் சாமி அனுமதி கொடுத்திருக்கிறது?

தாசரதி களத்தோரத்து வேப்பமரத்தில் கயிறு கட்டி, பலகை போட்டு ஊஞ்சல் செய்தான். மினதி தன் பாதத்திலும் மகள் பாதத்திலும் அல்தா என்கிற சிவப்புச் சாயத்தைத் தீட்டியிருந்தாள். விரல் நுனியெல்லாம் சிவந்து, ஓரம் முழுக்கக் கரை கட்டினாற்போல் அழகாக இருந்தது. "ஆம்பளை சமையல் எப்படிடி?" என்று கேட்டேன். "உப்பு மட்டும்தான் இருக்கு பெரியம்மா" என்று லிப்சா ஊஞ்சலிலிருந்தே சொன்னாள்.

ஞாயிறு மூன்று மணிக்கு மேற்கே அய்யனார் கோவில் மலை கறுத்தது. சாரல்தானே, ஆறு சொட்டு தூறிவிட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். நான் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் பிடித்துக்கொண்டது. களத்தில் நாற்பது கொடி நிறைய வெளுத்த துணி. ஞாயிறு என்பதால் நானும் மாடத்தியும் விஜியும்தான். தாசரதி கொதிக்கிற பாய்லரை விட்டு நகர முடியாது. விசிலை ஊதினேன். ஊதி யார் வரப்போகிறார்கள்?

"ஏட்டி மினதி! வந்து ஒரு கை புடிட்டி! அம்புட்டும் நனையுது!"

மினதி அறை வாசலில் நின்றாள். கையைப் பிசைந்தாள். "இன்னிக்கு நான் தொடக் கூடாது அக்கா..."

"மகாராணிக்கு ஊஞ்சலாட மட்டும் ஆகுமோ?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன், அதையெல்லாம் எழுத வேண்டாம். பிறகு திரும்பி, ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்துச் சொன்னேன்: "லிப்சா! நீயாச்சும் வாட்டி! ஓடி வா, சீக்கிரம்!"

லிப்சா அம்மாவைப் பார்த்தாள். மினதி ஒடியாவில் ஏதோ சொல்லி, வேண்டாம் என்று கையைக் காட்டினாள். எனக்கு மொழி தெரியாவிட்டாலும் அந்தக் கை தெரிந்தது. பிள்ளை இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, பலகையிலிருந்து குதித்து என்னிடம் ஓடி வந்தாள்.

என்ன சுறுசுறுப்பு! தினமும் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறாள். ஒரு முனையைப் பிடித்து, உதறி, கைமேல் சுருட்டி, ஷெட்டுக்குள் போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடினாள். அவசரத்தில் சில துணிகள் தரையில் விரித்த தார்ப்பாயில் விழுந்தன. அவற்றின் மேல் ஏறி நின்று மேலே எட்டாத கொடியை இழுத்தாள். நனைந்த காலில் சாயம் கரைந்ததை நான் கவனிக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் காலில் என்ன இருக்கப்போகிறது, மண்தானே. மண்ணைத்தான் பார்த்துப் பழகிய கண். நாலு கொடி தவிர மீதியெல்லாம் உள்ளே வந்துவிட்டது. "கெட்டிக்காரி, ஒங்க அம்மாவுக்கு நீ தேவலட்டி" என்று அவள் கன்னத்தைத் தட்டினேன். மினதி வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

திங்கட்கிழமை கொச்சிக்காரர் வந்தார். மேனேஜர் பாலகணேஷ் அவரை ஒவ்வொரு இடமாகக் கூட்டிப்போய்க் காட்டினான். காய்ந்த சுருள்களில் ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தார்கள். பால் மாதிரி வெள்ளைத் துணியின் நடுவில் ஒரு சின்னக் காலடி. ஐந்து விரலும் தனித்தனியாக, சிவப்பாக. அடுத்த மடிப்பில் அதே காலடி வெளிறி ஊறியிருந்தது. கொச்சிக்காரர் கையை விரித்து அதைச் சாணால் அளந்தார். ஒரு சாண்கூட இல்லை.

"இங்க குழந்தைகள் வேலை செய்யுதா?" என்று கேட்டார்.

கறையாவது மறுபடி வெளுத்தால் போய்விடும். குழந்தை வேலை செய்கிறது என்று ஒரு வரி எழுதினால் கொச்சி ஆர்டரே போய்விடும், கம்பெனியில் பாதிப் பேருக்கு வேலை இல்லை.

"சேச்சே, இல்ல சார்" என்றான் பாலகணேஷ். "உள்ளேயே தங்கியிருக்கற வடநாட்டு லேபரோட பிள்ளை. சொல்பேச்சு கேக்காம களத்துல ஏறி விளையாடியிருக்கும். அப்படித்தானே ஜூடி அக்கா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு தலையாட்டல். மாடத்தியும் விஜியும் மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். சூப்பர்வைசர் ஆட்டிய தலைக்கு எதிராக அவர்கள் எப்படிப் பேசுவார்கள்? கொச்சிக்காரர் போகும்போது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை முதலாளி அழகியமணவாளன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நேரே வந்தார். லிப்சா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆபீஸ் ரூமுக்குள் கூப்பிட்டு விசாரித்தார். நான் வேகவைக்கிற பகுதியில் போய் ஏதோ வேலை இருப்பதுபோல நின்றுகொண்டேன். பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் போதும், 'பெரியம்மா கூப்பிட்டாங்க' என்று. ஷிப்டு முடியும்வரை காத்திருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. யார் கூப்பிட்டது என்று அவர் கேட்கவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, வெட்கமில்லாமல் ஒரு பெருமூச்சு விட்டேன்.

முடிவு அன்று மாலையே வந்தது. மினதிக்கும் தாசரதிக்கும் இனி வேலை இல்லை, குடும்பத்தோடு சனிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அதைச் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. புதன்கிழமை காலையில் போனேன். மினதி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். என் முகத்தை அவள் ஒரு நிமிடம் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"லிப்சாக்கு டி.சி. வாங்கணும்" என்றாள். "இந்த வாட்டி மறக்கக் கூடாது. நாளைக்கு இஸ்கூல் போறேன் அக்கா."

உள்ளே லிப்சா புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. "பெரியம்மா, திருநெல்வேலியில தமிழ் தானே? இதே புக்கு தானே இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். விசாரணை என்றதுமே இப்படித்தான் முடியும் என்று தெரிந்து, தாசரதி முந்தின ராத்திரியே போன் போட்டு அங்கே எங்கோ ஒரு செங்கல் சூளையில் வேலை கேட்டு வைத்திருந்தான். சூளைக்குப் போகிற பிள்ளைகள் என்ன புத்தகம் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இதே புக்குதான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் தேவநேசனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். "பாவம்தான். ஆனா நீ இப்பப் போய் வாயத் தொறந்தா அவிய சும்மா விடுவாகளா? அக்சா படிப்பு முடியட்டும்" என்றார். எங்கள் மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தப்பு இல்லாத அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு அன்றைய பொழுதை ஓட்டினேன்.

வியாழக்கிழமை காலை பாலகணேஷ் ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தான். நடவடிக்கை அறிக்கை. அழகாக டைப் அடித்திருந்தான். "மடிப்புப் பிரிவுத் தொழிலாளி மினதி, மேற்பார்வையாளர் பலமுறை எச்சரித்தும், தன் மகளைப் பொறுப்பற்ற முறையில் உலர்களத்தில் அனுமதித்துள்ளார். எனவே..." கீழே, மேற்பார்வையாளர் கையொப்பம் என்று கோடு போட்டு இடம் விட்டிருந்தது.

"நான் எப்பப்பா எச்சரிச்சேன்?" என்று கேட்டேன்.

"அப்படித்தான்க்கா எழுதணும். அவங்களுக்கு ஒரு பேரு வேணும். போட்டு விடுங்க."

பேனாவை எடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டியது மினதி. கூப்பிட்டது நான். இந்தக் காகிதத்தில் அது தலைகீழாக நிற்கிறது. தலையாட்டியதை ஏதோ பயத்தில் ஆட்டினேன் என்று கர்த்தரிடம் சொல்லிக்கொள்ளலாம். உட்கார்ந்து, நிதானமாக, ஜூடி தேவநேசன் என்று முழுப்பேர் எழுதுவதை என்னவென்று சொல்வது? பேனாவை மூடி வைத்துவிட்டுக் காகிதத்தை மடித்துப் பையில் போட்டேன். "அக்கா, எங்க போறீங்க?" என்று அவன் பின்னால் வந்தான். "செத்த நேரத்துல வாரேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

முதலாளி வீடு ஆண்டாள் கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில். அவர் அப்போதுதான் கோவிலுக்குப் போய்விட்டு வந்து, நெற்றியில் திருமண்ணோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வியர்த்து நின்ற என்னைப் பார்த்து, "என்னம்மா ஜூடி, ஏதாவது தீப்பிடிச்சுக்கிச்சா?" என்றார்.

காகிதத்தை அவர் முன்னால் வைத்தேன். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். அந்தப் பிள்ளை விளையாட வரல. நான்தான் கூப்பிட்டேன். மழை வந்துச்சு, ஆள் இல்ல. அவ அம்மா வேண்டாம்னு தடுத்தா. நான் கத்திக் கூப்பிட்டதுக்கு அவ வந்து துணி எடுத்தா. அவ கால்ல இருந்தது அவங்க பண்டிகைக்குப் போடுற சாயம். திங்கக்கிழமை நான் தலையாட்டினது பொய்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"கொஞ்சம் இரு. நான் அந்தப் பிள்ளைகிட்ட மூணு தடவை கேட்டேனே. 'யாரும்மா ஒன்ன களத்துக்குக் கூப்பிட்டா? பயப்படாம சொல்லு'ன்னு. பிஸ்கட்டெல்லாம் கொடுத்துக் கேட்டேன். மூணு தடவையும் ஒரே பதில்தான். 'யாரும் கூப்பிடல சார். நானாத்தான் வந்தேன்.' அவ்வளவு சுத்தமா, நம்ம ஊர்ப் பிள்ளை மாதிரி பேசுச்சே. அதனாலதான் நான் நம்பிட்டேன்."

மேலே அவர் திட்டியதெல்லாம் தூரத்தில் யாரோ யாரையோ திட்டுவதுபோலத்தான் கேட்டது. முப்பது வருடம் வேலை பார்த்தவளுக்குப் பிள்ளைகளைத் துணி தொடவிடக் கூடாது என்று தெரியாதா? தெரியும். கொச்சிக்காரன் முன்னால் தலையாட்டினாயே, நாளைக்கு வேறு வழியாக அவனுக்குத் தெரிந்தால்? ஆமாம் சார். என்ன பண்டிகை அது? சொன்னேன். பூமாதேவி என்றதும் ஒரு நிமிடம் நிறுத்தினார். "நம்ம ஆண்டாளே பூமிப் பிராட்டிதான்" என்று முணுமுணுத்தார். உடனே, "அதுக்கும் சரக்கு கெட்டதுக்கும் சம்பந்தம் இல்ல" என்று மறுபடி ஆரம்பித்தார்.

"அவங்களுக்கு ஒரு பேருதானே சார் வேணும். என் பேரைப் போடுங்க" என்றேன். "நடந்ததை நடந்தபடி எழுதுங்க. மினதி குடும்பம் இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு இது மூணாவது பள்ளிக்கூடம் சார். இப்பத்தான் வாயைத் தொறந்து பேசுது."

அவர் அந்தக் காகிதத்தை எடுத்து முழுக்க வாசித்தார். "உள்ளதை எழுதுறேன். அதுக்கு அவன் ஆர்டரை ரத்து பண்ணினா பண்ணட்டும், பேசிப் பார்ப்போம். களத்தைச் சுத்தி வேலி போடுறதா எழுதுறேன். அவங்க இருக்கட்டும். ஆனா, ஜூடி, ஒன்ன சூப்பர்வைசரா வெச்சிருக்க முடியாது. மடிப்பு மேஜைக்குத் திரும்பிப் போகணும். விஜி பார்க்கட்டும் அந்த வேலையை."

"சரி சார்" என்றேன். விஜிக்கு இருபத்தொன்பது வயது. நான்தான் அவளுக்கு மடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போது கண் மங்கி, வேறு யாருடையதையோ மாட்டிக்கொண்டு, திரும்ப வந்து மாற்றினேன்.

அப்போதுதான் டி.சி. ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம் நாலு தெரு தள்ளி. நாற்பத்தேழு வயதில், சேலையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு தேரடி வழியாக ஓடினேன். பால்கோவாக் கடை வாசலில் நின்றவர்கள் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பார்த்தார்கள்.

ஸாவித்ரி டீச்சர் அறை வாசலில் மினதியும் லிப்சாவும் நின்றிருந்தார்கள். மினதி கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் டி.சி. புதிதாக, மடிப்புக் கலையாமல் இருந்தது. லிப்சா சீருடையில்தான் வந்திருந்தாள். அவள் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. அவள் உதடும் கூடவே அசைந்துகொண்டிருந்தது.

"டீச்சர், அதத் திரும்ப வாங்கிக்கோங்க" என்றேன் மூச்சு வாங்க. "இவங்க எங்கயும் போகல. முதலாளி சொல்லிட்டார். இருக்கலாம்."

"கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, பதிவேட்டுல பேரையும் அடிச்சுட்டேனே ஜூடி" என்றார் டீச்சர். கோபமாக ஆரம்பித்தவர், மினதியின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "சரி, கொடு. கேன்சல்னு எழுதி ஒட்டிக்கறேன். எனக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல."

மினதி கவரைக் கொடுக்கவில்லை. நான் சொன்னது அவளுக்குப் புரியவில்லையோ என்று நினைத்தேன். லிப்சா அம்மாவிடம் ஒடியாவில் வேகமாகச் சொன்னாள். மினதி என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லிட்டீங்களா? முதலாளிகிட்ட?"

"சொல்லிட்டேன்."

"ஒங்க வேலை?"

"மேஜைக்குப் போறேன். ஒன் பக்கத்துலதான் நிப்பேன், போ."

அவள் ஐயோ என்று வாயில் கை வைத்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்து ஓடி வந்தவள் நான். அவள் எனக்காகப் பதறுகிறாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. லிப்சாவின் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"ஏட்டி, நீ ஏன் அப்படிச் சொன்ன? மூணு தடவை கேட்டாராமே. நான் கூப்பிட்டுத்தானே வந்த? பெரியம்மா கூப்பிட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க போக வேண்டியதே இல்லையே!"

லிப்சா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். மினதிதான் பதில் சொன்னாள். தமிழில் தேடித் தேடி, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துச் சொன்னாள்.

"நான்தான் சொல்லாதன்னு சொன்னேன் அக்கா. நாங்க போற ஆளு. இந்த ஊர் இல்லன்னா வேற ஊர். எங்களுக்குப் பழக்கம். நீங்க இங்கயே இருக்குற ஆளு. இங்க ஒங்க பேரு கெட்டுப்போனா, பாவம், நீங்க எங்க போவீங்க?"

எனக்கு வாய் நீளம் என்று சொன்னேனே. அந்தப் பள்ளிக்கூட வாசலில் ஒரு வார்த்தை வரவில்லை. படியில் அப்படியே உட்கார்ந்து, சேலை முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் எட்டிப் பார்க்கப் பார்க்க அழுதேன். மினதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டீச்சர் அவள் கையிலிருந்து மெதுவாகக் கவரை எடுத்துக்கொண்டு, "நீ கிளாசுக்குப் போடி" என்று லிப்சாவைப் பார்த்துச் சொன்னார். லிப்சா எங்கள் இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.